வழியனுப்ப வந்தவர்கள்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு என் கணவன் டெஸ்மண்ட் வாசலுக்கு நேரே தெருவோரத்தில் பனியை வாரத் தொடங்கினான். இரண்டு நாளாகக் கொட்டிய பனி முழங்கால் உயரம் கிடந்தது. ஒரு கார் நிற்கும் அளவுக்கு வாரி முடித்தபோது மணி ஏழு. பிறகு உள்ளே வந்து சமையலறை நாற்காலிகள் இரண்டைத் தூக்கிக்கொண்டு போனான். திரும்பி வந்து இஸ்திரி மேசையை எடுத்துப் போனான். அதற்கப்புறம் கீழ்த்தளத்திலிருந்து ஒரு பழைய நெட்டை விளக்கு. காற்றில் இஸ்திரி மேசை சாயாமலிருக்க அதன் மேல் வைக்க ஒரு பழைய பயணப் பெட்டி.

"இங்க யாரு வந்து அந்த எடத்தைப் பிடிக்கப் போறா? ஆளுக்கு ரெண்டு கார் ஷெட் வச்சிருக்காங்க," என்றேன்.

"பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. நம்ம கார்ப்பாதை மேடு. அவங்க வர்றப்ப வாசல்ல எடமில்லன்னா நீ தூக்கிட்டு வருவியா?"

"இது நம்ம பழைய தெரு இல்ல."

"பனி அதே பனிதான்," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். அவன் நகரத்தில் பஸ் ஓட்டுகிறான். அன்று மதியம் இரண்டரைக்குத்தான் வருவான்.

சிகாகோ நகருக்குள், நாங்கள் பதினோரு வருடம் இருந்த தெருவில், பனியை வாரியவருக்குத்தான் அந்த இடம். அடையாளத்துக்கு வீட்டிலிருந்து எதையாவது கொண்டுவந்து வைக்க வேண்டும். நாற்காலி, வாளி, உடைந்த துணி உலர்த்தி, எதுவானாலும் சரி. யாரும் கேட்க மாட்டார்கள். மீறி நிறுத்துகிறவன் கார், காலையில் தெருக்காரர்கள் வாரிக் கொட்டிய பனிக்குள் புதைந்திருக்கும். ஒருமுறை எதிர்வீட்டு ஸ்டாஷ் எங்கள் நாற்காலியைத் தூக்கி எறிந்துவிட்டு அவர் காரை நிறுத்திவிட்டார். போலந்துக்காரர். டெஸ்மண்ட் அவரோடு நடுத்தெருவில் ஒரு மணி நேரம் கத்தினான்.

"உங்க ஆளுங்க இந்தத் தெருவுக்கு வந்தப்பவே வீட்டை வித்துட்டுப் போயிருக்கணும்யா நான்," என்றார் ஸ்டாஷ்.

"போயிருக்க வேண்டியதுதானே? யாரு கையைப் பிடிச்சா?"

"வெல படியல!"

டெஸ்மண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டாஷுக்கும். ஆனாலும் அவர் காரை எடுக்கவில்லை. அடுத்த வாரம் அவரே என்னை நிறுத்தி, "உன் பொண்ணுக்கு இருமல் விடலியே, டாக்டர்கிட்ட காட்டினியா இல்லியா?" என்று அதட்டினார். அவர் நல்லவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு எங்கள் வீட்டுச் சங்கதி எல்லாம் தெரியும். எங்களுக்கு அவருடையது தெரியும்.

செப்டம்பரில் இந்தப் புறநகருக்கு வந்தோம். லிண்டன்வேல். இந்தத் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். கறுப்பர்கள் நாங்கள் மட்டும். யாரும் எங்களை ஒரு சொல் சொன்னதில்லை. காரிலிருந்தபடி கை அசைப்பார்கள். நாங்களும் அசைப்போம். ஐந்து மாதம் கை அசைத்தே போய்விட்டது. என் மகள் நாய்லாவுக்கு ஒன்பது வயது. பள்ளியில் எல்லோரும் அவளிடம் அன்பாகப் பேசுகிறார்கள் என்றாள். ஒரு பிள்ளைகூட வீட்டுக்கு வந்ததில்லை.

எனக்குத் திரும்பிப் போக வேண்டும். டெஸ்மண்டுக்கு இருக்க வேண்டும். "நாள் பூரா ஹாரன் சத்தத்துல இருக்கேன் வெர்னெட்டா. வீட்டுக்கு வந்தா காது ஓயணும்," என்பான். "போனோம்னா, பாத்தியா, நாங்க நெனச்சபடியே ஆச்சுன்னு இந்தத் தெருக்காரங்க சொல்லுவாங்க," என்றும் சொல்வான். நான் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தேன். "மனசுக்குத் தோதான எடத்துல இருக்கணும். இதுல யாரு மேலயும் தப்பு இல்ல." எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கில்லை.

ஜெனீவா பெரியம்மா, என் அம்மாவின் அக்கா, நகரத்தில் எங்கள் பழைய மாடி வீட்டுக்குச் சொந்தக்காரர். நாங்கள் வந்த பிறகும் வேறு யாருக்கும் விடாமல் வைத்திருந்தார். இப்போது ஒரு இளம் ஜோடி கேட்டிருந்தது. "சனிக்கிழமை நானே வர்றேன். சாப்பாடு போடு. வர்றீங்களா இல்லையான்னு அன்னிக்கே சொல்லிரணும். அதுக்கு மேல அந்தப் பிள்ளைங்களைக் காக்க வைக்க முடியாது," என்று சொல்லியிருந்தார்.

நான் அடுப்பில் கீரையும் புகையூட்டிய வான்கோழித் துண்டும் வைத்திருந்தேன். பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது.

எதிர்வீட்டு அம்மாள் நின்றிருந்தார். அறுபது வயது இருக்கும். கையில் துணி மூடிய பாத்திரம்.

"நான் மார்ஜரி. எதிர்வீடு. உங்க பேரு... மன்னிச்சிருங்க, இத்தனை நாள் கேக்கவே இல்ல."

சொன்னேன்.

"வெர்னெட்டா. வாழைப்பழ ரொட்டி கொண்டாந்தேன். இன்னும் சூடா இருக்கு. காலையில பாத்தோம். எங்களுக்கு ரொம்ப வருத்தமாப் போச்சு."

எதைப் பார்த்தார் என்று எனக்குப் புரியவில்லை. உள்ளே வரச் சொன்னேன். அவர் மிதியடியைத் தாண்டவில்லை. பூட்ஸில் பனி இருக்கிறது என்றார்.

"இவ்வளவு சீக்கிரம் கெளம்புவீங்கன்னு நெனைக்கல. உங்களை ஒரு நாள் கூப்பிடணும், கூப்பிடணும்னு இருந்தேன். அப்பறம் கிறிஸ்துமஸ் வந்துருச்சு."

எனக்கு முகம் சுட்டது. டெஸ்மண்ட் யாரிடமோ சொல்லியிருக்கிறான் என்று நினைத்தேன். எங்கள் படுக்கையறைப் பேச்சு தெருவுக்கு வந்துவிட்டது.

"இன்னும் ஒண்ணும் முடிவாகல," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. நான் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை.

மார்ஜரி என் கையைத் தொட்டார். "புரியுதும்மா. இதெல்லாம் கஷ்டமான விஷயம். மனசுக்குத் தோதா, நம்ம ஆளுங்க இருக்கற எடத்துல இருக்கணும். இதுல யாரு மேலயும் தப்பு இல்ல."

அவர் கண்கள் உண்மையிலேயே கலங்கியிருந்தன. நான் நன்றி சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு அந்த ரொட்டியைப் பிடித்தபடி நின்றேன். என் வாக்கியம். அந்த 'நம்ம ஆளுங்க' தவிர அப்படியே என் வாக்கியம். அதைப் பக்கத்தில் படுத்திருப்பவனிடம் நான் சொன்னபோது அது வேறு மாதிரி இருந்தது. இந்த அம்மாளின் வாயிலிருந்து வந்தபோது, ஒரு கதவை ஓசைப்படாமல் சாத்துவது போல் இருந்தது. அந்தக் கதவை இத்தனை நாளும் நானும்தான் இந்தப் பக்கத்திலிருந்து இழுத்திருக்கிறேன்.

நாய்லா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"நாம போறோமாம்மா?"

"அப்பா வரட்டும்."

"எதுக்குப் போகணும்? நான் ஒண்ணும் பண்ணலியே."

"நீ ஒண்ணும் பண்ணல கண்ணு. யாரும் ஒண்ணும் பண்ணல."

"அப்பறம் ஏன்?"

அடுப்பைப் பார்க்கப் போவதாகச் சொல்லி எழுந்து போனேன்.

பதினொன்றரை மணிக்கு வெளியே பெரிய இரைச்சல். அடுத்த வீட்டு வால்ட், ஓய்வுபெற்றவர், தன் பனி வாரும் இயந்திரத்தை எங்கள் கார்ப்பாதையில் ஓட்டிக்கொண்டிருந்தார். இந்தக் குளிர்காலத்தில் பனி ஐந்தாறு முறை கொட்டியிருந்தது. அந்த இயந்திரம் எங்கள் வேலியைத் தாண்டியது இதுதான் முதல் முறை. கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனேன். அவர் இயந்திரத்தை நிறுத்தினார்.

"லாரி எப்ப வருது?"

"எந்த லாரி?"

"சாமான் ஏத்தற லாரி. வாய்ப்பக்கம் அகலமா வாரி விட்டுருக்கேன். பெரிய வண்டியா இருந்தாலும் திரும்பும்."

நான் கோட்டுப் பொத்தானைப் போட்டேன். அவர் கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்தார். கிளம்பவும் இல்லை.

"ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"எங்களாலயா?"

இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஸ்டாஷ் கேட்டிருக்க மாட்டார். அவர் "உன்னாலதான்" என்று தொடங்கியிருப்பார். நான் பனியைப் பார்த்தேன். இல்லை என்று சொல்வது மிகவும் சுலபம். வாய்வரை வந்துவிட்டது.

"கொஞ்சம்," என்றேன்.

அவர் தலையாட்டினார். "நீங்க வந்த அன்னிக்கு என் சம்சாரம் சொன்னா, போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாங்கன்னு. என்ன பேசறதுன்னு தெரியல. ஏதாவது ஏடாகூடமாச் சொல்லிருவேனோன்னு பயம். சரி, அடுத்த வாரம்னு விட்டேன். ஒரு மாசம் ஆச்சு. அப்பறம் போனா, ஏன்யா இத்தனை நாள் வரலன்னு நெனப்பீங்களேன்னு அதுக்கும் ஒரு பயம்." அவர் இயந்திரத்தின் கைப்பிடியைத் தட்டினார். "என் வயசு ஆம்பளை பேசற பேச்சா இது? ஆனா அதான் நடந்துச்சு."

"நானும்தான் வரல," என்றேன்.

"நீங்க எதுக்கு வரணும்? புதுசா வந்தவங்க நீங்க." மறுபடியும் இயந்திரத்தை ஓட்டினார். தேவைக்கு மேல் அகலமாக வாரிக்கொண்டே போனார்.

பன்னிரண்டரைக்கு ஜெனீவா பெரியம்மா வந்தார். வாசலில் காரை நிறுத்தி, ஜன்னலை இறக்கி, நாற்காலிகளை எடுக்கச் சொல்லி ஹாரன் அடித்தார். நாய்லாவும் நானும் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்தோம். பெரியம்மா கைத்தடியை ஊன்றிச் சமையலறைக்கு வந்து மேசையைப் பார்த்தார். ரொட்டி இருந்தது. இடையில் வால்ட்டின் மனைவி வந்து கொடுத்த மீன் சேமியா இருந்தது. வாசலில் யாரோ வைத்துவிட்டுப் போன ஒரு தட்டு பிஸ்கட்டும் இருந்தது.

கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார். "யாரு செத்தா?"

"யாரும் சாகல பெரியம்மா."

"பொய் சொல்லாத. சாவு வீட்டுக்குத்தான் இப்படிச் சாப்பாடு வரும். டெஸ்மண்ட் எங்க?"

"வேலைக்குப் போயிருக்கார். நாங்க போறோம்னு கேள்விப்பட்டுக் கொண்டாந்து குடுத்துட்டுப் போறாங்க."

"போறோம்னு யாரு சொன்னா? எனக்கே இன்னும் சொல்லல நீ."

"தெரியல. டெஸ்மண்ட்தான் சொல்லியிருக்கணும். லாரி எப்ப வருதுன்னுகூடக் கேட்டாங்க."

பெரியம்மா என்னைப் பார்த்தார். பிறகு கூடத்துக் கதவோரம் சாய்த்து வைத்திருந்த இஸ்திரி மேசையையும் விளக்கையும் பெட்டியையும் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. முதலில் எனக்குப் பயமாக இருந்தது. சிரிக்கிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"அடிப் பைத்தியக்காரி! தெருவுல விளக்கும் பெட்டியும் நாற்காலியும் வச்சா இவங்க என்னன்னு நெனைப்பாங்க? எடம் பிடிக்கறதெல்லாம் இந்த ஜனங்களுக்கு எப்படிடி தெரியும்? வீட்டைக் காலி பண்றீங்கன்னு நெனச்சிருக்காங்க!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடக் கடவுளே. ஒரு கார் நிறுத்தற எடத்துக்கு மீன் சேமியா!"

நாய்லாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டெஸ்மண்ட் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் நாற்காலியைப் பார்த்தார்கள். அது போதுமானதாக இருந்தது. ஏன் என்று யாரும் கேட்கத் தோன்றாத அளவுக்கு, நாங்கள் போவது இயல்பாக இருந்தது. வந்தபோது ரொட்டி வரவில்லை. போகும்போது வந்தது. அதைச் சுட்டவர் கண் கலங்கியதும் பொய்யில்லை.

"நாம போகல, இல்லம்மா? தப்பா நெனச்சிட்டாங்க, அவ்வளவுதானே?" என்று நாய்லா கேட்டாள்.

பெரியம்மா சிரிப்பை நிறுத்தினார். "அதைத்தான் நானும் கேக்க வந்தேன். என்ன சொல்ற வெர்னி? வீட்டை உனக்கு வைக்கட்டுமா, அந்தப் பிள்ளைங்களுக்குக் குடுக்கட்டுமா?"

"கொஞ்சம் இருங்க," என்றேன். கோட்டை எடுத்தேன்.

தெருவைக் கடக்க இருபது அடி. மார்ஜரி வீட்டு மணியை அடிக்குமுன் இரண்டு முறை கையை இழுத்துக்கொண்டேன். கதவைத் திறந்தவர் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"என்னம்மா, அட்டைப் பெட்டி ஏதாவது வேணுமா? எங்க ஷெட்ல நெறைய இருக்கு."

"நாங்க போகல," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நான் நாற்காலிகளைப் பற்றிச் சொன்னேன். பெரியம்மாவின் முழங்காலைப் பற்றி, நகரத்தில் பனி நாளில் இடம் பிடிப்பதைப் பற்றி. நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அந்தத் தெருவில் அதுதான் முதல் தடவை. சொல்லச் சொல்ல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் தடவிய கண்ணாடித் தகட்டைப் பார்க்கும் பழக்கம் அது. அவர் முகத்தில் ஏமாற்றம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒரு நொடி ஏதோ வந்து போனது. அது ஏமாற்றமா என்று என்னால் சொல்ல முடியாது. பிறகு அவர் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போனார்.

"அய்யோ. நான் வந்து... நீங்க எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியே."

"நீங்க கேக்கல."

கடுமையாகச் சொல்ல நினைக்கவில்லை. அப்படித்தான் வந்தது. அவர் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா. கேக்கல," என்றார். பிறகு, "நான் தெருக்காரங்க போன் குழுவுல எல்லாருக்கும் போட்டுட்டேனே. நீங்களும் பாத்திருப்பீங்களே... ஓ. நீங்க குழுவுல இல்ல, இல்லியா?"

"இல்ல."

"ஏன் இல்ல?" என்று கேட்டவர், அதற்கான பதில் தன்னிடம்தான் இருக்கிறது என்பதை உணர்ந்ததுபோல் நிறுத்தினார். உள்ளே போய்க் கைப்பேசியை எடுத்துவந்தார். என் எண்ணைக் கேட்டார். சொன்னேன். என் பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். புதிதாகச் சேர்பவருக்குப் பழைய செய்திகள் தெரியாது. வெறும் திரை. எங்களைப் பற்றி அங்கே ஐந்து மாதமாக என்னென்ன இருந்தது என்று எனக்குத் தெரியப் போவதில்லை. அவருக்குத் தெரியும். அவர் என்னைப் பார்க்காமல் தட்டச்சு செய்தார். திரையில் முதல் வரி வந்தது.

'நான் தவறாகச் சொல்லிவிட்டேன். அவர்கள் போகவில்லை.'

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இன்னொன்று எழுதினார். 'அவர் பெயர் வெர்னெட்டா.'

"உள்ள வாங்களேன். காபி போடறேன்," என்றார்.

"பெரியம்மா காத்திட்டு இருக்காங்க."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு சர்ச். திங்கக்கிழமை வேலை."

"செவ்வாய்?"

அவர் விடவில்லை என்பது எனக்குப் பிடித்தது. செவ்வாய் என்றேன்.

வீட்டுக்குள் வந்தபோது டெஸ்மண்ட் சீருடையோடு சமையலறையில் நின்று மீன் சேமியாவைக் கரண்டியால் அள்ளித் தின்றுகொண்டிருந்தான். சீக்கிரம் விட்டுவிட்டார்களாம். பெரியம்மா கதையைச் சொல்லி முடித்திருந்தார். அவன் சிரிக்கவில்லை. கரண்டியை வைத்தான்.

"நான் பஸ்ல வர்றப்பவே முடிவு பண்ணிட்டேன் வெர்னெட்டா. போலாம். உன்னை இங்க கட்டி வச்சிருக்கேன்னு தோணுது. காது ஓயலன்னா பஞ்சு வச்சிக்கறேன்."

"நான் எதிர்வீட்ல போயி போகலன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"யாரு? நீயா?"

"ஆமா."

"மணி அடிச்சியா?"

"அடிச்சேன். அவங்க தெருக் குழுவுலயும் எல்லாருக்கும் போட்டுட்டாங்க."

அவன் பெரியம்மாவைப் பார்த்தான். "பள்ளிக்கூடத்துல டீச்சரைப் பாக்கணும்னாக்கூட என்னைத்தான் அனுப்புவா இவ."

"ஏண்டி?" என்று பெரியம்மா கேட்டார். "பத்து நாளைக்கு முன்னாடி போன்ல அழுதியே. இன்னிக்கு ஒரு ரொட்டியைப் பாத்து மாறிட்டியா?"

"ரொட்டி இல்ல. நான் போறது அவங்களுக்கு ரொம்ப சுலபமா இருந்துச்சு பெரியம்மா. நானே அதை அவங்களுக்குச் சுலபமாக்கிக் குடுக்கப் பாத்தேன். அப்பறம் அந்த அடுத்த வீட்டு வால்ட். அவர் கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"எங்களாலயான்னு."

பெரியம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்தார். கீரையைத் தட்டில் போட்டுக்கொண்டார். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துவிட்டு அந்த இளம் ஜோடிக்குப் போன் செய்தார். "ஆமாப்பா, வீடு உங்களுக்குத்தான். ஒண்ணாந் தேதி வாங்க. அடுப்புல இடது பக்கம் தானாப் பத்திக்காது, தீக்குச்சி வச்சுக்கணும். எதிர்வீட்டுக் கெழவன் கத்துவான், நீங்களும் கத்துங்க, சரியாப் போயிரும்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அடுப்பு. ரயில் போகும்போது அதிரும் அந்த ஜன்னல். கொடுத்தாயிற்று. இனி இங்கே பிடிக்காவிட்டால் போக இடமில்லை. திங்கட்கிழமை நாய்லா அதே பள்ளிக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒன்றும் மாறியிருக்காது.

"சரியாத்தான் பண்றோமா?" என்று டெஸ்மண்டிடம் மெதுவாகக் கேட்டேன்.

"தெரியல," என்றான்.

வாசல் மணி அடித்தது. நாய்லா ஜன்னலுக்கு ஓடினாள்.

"கோடி வீட்டு ஆன்ட்டி. கையில பெரிய கேக்கு. அம்மா, அவங்க குழுவைப் பாக்கல போல."

"நான் போறேன் இரு," என்று பெரியம்மா கைத்தடியைத் தேடினார். "நல்லா நாலு வார்த்தை கேக்கறேன்."

"வேணாம். நீங்க உக்காருங்க," என்று நான் எழுந்தேன்.